பெயர்ப் பலகை இல்லாத செடி

பியட்றிஸ் டீச்சர் மண்வெட்டியை ஓங்கி இறக்கினாள். வேர் அசையவில்லை. மறுபடியும் ஓங்கினாள்.

மணி இரண்டே கால். மகள் ஷிராணி கண்டி கிளினிக்கிலிருந்து திரும்ப எப்படியும் நாலாகும். அதற்குள் இந்தச் செடி வேரோடு வெளியே வந்துவிட வேண்டும். குழியை மூடி, மேலே ஒரு ரோஜாக் கம்பையாவது ஊன்றிவிட வேண்டும். சொல்லப்போகும் பொய்கூடத் தயார். முள்ளம்பன்றி வந்து கிளறிவிட்டது. அம்பிட்டிய மலைச்சரிவில் வீடு வைத்திருப்பவர்கள் யாரும் அந்தப் பொய்யைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

ஹந்தானை மலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஐம்பத்தெட்டு வயது முழங்கால் இரண்டும் கெஞ்சின. அவள் நிறுத்தவில்லை.

செடி இடுப்பளவு உயரம். கத்தரி இனம். இலையிலும் தண்டிலும் முள். காய்கள் மஞ்சளாக, பால் கட்டிய மார்பைப் போல உருண்டு திரண்டு, நுனியில் காம்பும் வைத்துத் தொங்கின. மூன்று மாதத்துக்கு முன் முதன்முதலாக அதைப் பார்த்தபோது அவளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள்தான். இப்போது தொடவே கை கூசியது.

பயமுறுத்தியது காய் அல்ல. அடியில் இருந்த மண்.

அந்த மண் இறங்கிக்கொண்டே இருந்தது. ஜனவரியில்தான் கவனித்தாள். செடியை ஒட்டி ஒரு பள்ளம். ஒரு முழ நீளம், ஒரு சாண் அகலம், ஓரங்கள் அடிமட்டம் வைத்துக் கோடு கிழித்த மாதிரி நேராக. எலி வளையாக இருக்கும் என்று ஒரு கூடை மண்ணைக் கொட்டி மட்டப்படுத்தினாள். இரண்டு வாரத்தில் மறுபடி பள்ளம். அதே நீளம், அதே அகலம். எலி இப்படி அளந்து தோண்டுமா? மறுபடி கொட்டினாள். மூன்றாவது தடவை குனிந்து மண்ணைத் தட்டும்போது வாசனை வந்தது.

பேபி கொலோன்.

இந்த வீட்டில் பேபி கொலோன் கிடையாது. இருந்த போத்தலையும், சின்னச் சட்டைகளையும், பின்னிய தொப்பியையும் ஒரு வருடத்துக்கு முன் அவளே ஒரு பையில் கட்டி, பக்கத்து வீட்டு றம்லத்தின் மருமகள் ஜஹானாவுக்குக் கொடுத்துவிட்டாள்.

ஒரு வருடத்துக்கு முன் ஷிராணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. அழவில்லை. டொக்டர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார். அவ்வளவுதான். கத்தாரில் வேலை செய்யும் கிறிஸ்ரி இரண்டு கிழமை லீவில் வந்து, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போனான். ஷிராணி தாய் வீட்டுக்கு வந்தாள். ஐந்து மாதம் வாய் திறக்கவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டாள். எழும்பு என்றால் எழும்பினாள். சுவர் ஒன்றை வீட்டில் கூட்டிக்கொண்டு வந்து வைத்த மாதிரி இருந்தது.

பிறகு ஒரு நாள், கண்டி மார்க்கெட்டில், அந்த இராசவள்ளிக் கிழங்கு.

கடைக்காரர் அதை நிமிர்த்திப் பிடித்துக் காட்டினார். பியட்றிஸுக்கு முகம் சிவந்துவிட்டது. கிழங்கு அப்படி முளைத்திருந்தது, ஆணுக்குரியது ஒன்றும் குறையாமல்.

"இத எப்படி டீச்சர் வெட்டி விக்கிறது? பாவம், குடும்பஸ்தன் மாதிரி இருக்கான்," என்றார் அவர்.

ஷிராணியின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தும்முகிறாள் என்றுதான் தாய் நினைத்தாள். இல்லை. சிரிப்பு. ஐந்து மாதத்துக்குப் பிறகு.

மருந்து கிடைத்துவிட்டது. அது கிடைத்த இடம் எப்படிப்பட்டதாக இருந்தால் என்ன? முப்பத்தோரு வருடம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள், ஞாயிறு தவறாமல் மறைக்கல்வி வகுப்பு எடுப்பவள், அன்று சாயந்தரமே அந்தக் கிழங்கை வீட்டுக்குப் பின்னால் புதைத்தாள். வெள்ளிக்கிழமை தோட்ட வேலைக்கு வந்த முத்துலிங்கத்தைக் கூப்பிட்டாள்.

முத்துலிங்கம் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், இருப்பவர். கிழமைக்கு இரண்டு நாள் வருவார். பேச்சு குறைவு.

"பாத்தா வெக்கப்படுற மாதிரி செடி எங்க கண்டாலும் கொண்டாங்க," என்றாள்.

"நெசமாத்தான் சொல்றீங்களா, டீச்சரம்மா?"

"நெசமாத்தான். காசு குடுத்து வாங்காதீங்க. கேக்காமலே ஒரு கிளைய முறிச்சிட்டு வாங்க. அப்பத்தான் புடிக்கும்."

களவெடுத்த செடிதான் தழைக்கும் என்று இந்தப் பக்கத்தில் தோட்டம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் நம்புகிறார்கள். களவு செய்யாதே என்ற ஏழாம் கட்டளையைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விக்கும் பியட்றிஸும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள்.

செடிகள் வந்தன. அடியில் இரண்டு உருண்டையோடு விறைத்து நின்ற கள்ளி. நடுவில் ஒன்றை நீட்டிக்கொண்டு வெட்கமே இல்லாமல் பளபளத்த சிவப்பு ஆந்தூரியம். பெண்பிள்ளைகள் பார்த்தால் பார்வையைத் திருப்பிக்கொள்ளும் நீலச் சங்குப்பூ. பந்தலில் ஜோடியாகத் தொங்கிய சுரைக்காய். ஒவ்வொன்றுக்கும் பலகை வைத்து, டீச்சரின் குண்டு குண்டான எழுத்தில் பெயர் எழுதினாள். கள்ளிக்கு 'கிராம சேவகர்'. நிஜக் கிராம சேவகர் ஒரு கையெழுத்துக்காக வந்தபோது அதைப் பார்த்துவிட்டு, போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்துப் பெருமையோடு போனார்.

"டீச்சர், எங்கட ஊட்டுக்காரர இந்த வழியால பள்ளிக்குப் போக வேணாமுன்டு செல்லிட்டன்," என்றாள் றம்லத். "தொழுகைக்கு எடுத்த ஒளு முறிஞ்சிரும்."

ஃபாதர்கூட ஒரு நாள் வந்தார். ஆந்தூரியத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "பீடத்துல வைக்கிற பூதானே இது? இனிமே நான் எப்படி டீச்சர் பூசை வைக்கிறது?" என்று கேட்டார். பிறகு பெருமூச்சு விட்டார். "படைச்சவர்தான் பொறுப்பு."

ஒவ்வொன்றுக்கும் ஷிராணி சிரித்தாள். முதலில் மூக்கால். பிறகு வாயால். நவம்பர் வரும்போது அவளே பலகைகளுக்குப் பெயர் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

டிசம்பர் முதல் கிழமை இந்தச் செடி வந்தது.

பியட்றிஸ் ஆசையோடு 'பால் பண்ணை' என்று எழுதி நட்டு வைத்தாள். மறுநாள் காலை பலகை சமையலறைப் படியில் குப்புறக் கிடந்தது. மறுபடி நட்டாள். மறுபடி படியில். மூன்றாவது நாள் ஷிராணியே சொன்னாள், "இதுக்கு போர்டு வேணாம், அம்மா." அவ்வளவுதான் சொன்னாள். குரலில் கோபமில்லை. அதுதான் என்னவோ போல் இருந்தது.

அதற்குப் பிறகுதான் பிற்பகல் மூன்று மணி ஆனால் ஷிராணி அந்தச் செடிக்குப் பக்கத்தில் போய் உட்காரத் தொடங்கினாள். உதடு அசையும். கொஞ்சம் நிறுத்துவாள். யாரோ பதில் சொல்வதைக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்ப்பாள். பிறகு சிரிப்பாள். தாய் கிட்டே போனால் எழுந்து உள்ளே வந்துவிடுவாள்.

நேற்று தூறல். பியட்றிஸ் சமையலறை ஜன்னலால் பார்த்தாள். ஷிராணி நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் குடை விரிந்திருந்தது. ஆனால் குடை அவள் தலைக்கு மேல் இல்லை.

அந்தப் பள்ளத்துக்கு மேல் இருந்தது.

போன மாதம் கிளினிக்கில் டொக்டர் கேட்டது பியட்றிஸின் காதில் ஒலித்தது. 'யாரும் இல்லாத இடத்துல யாரோடயாவது கதைக்கிறாவா? அப்படி இருந்தா மறைக்காதீங்க. வார்ட்ல வச்சித்தான் பாக்க வேண்டி வரும்.' இல்லவே இல்லை என்று அவள் சாதித்திருந்தாள். இன்றும் அதே கேள்வி வரும். கூடப் போனால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் மகளோடு றம்லத்தைச் சேர்த்து அனுப்பினாள். கதைப்பதற்கு அந்த இடத்தில் ஒன்றும் இல்லாமல் போனால், கதையும் நின்றுவிடும். மகள் வார்டுக்குப் போகாமல், பழைய சுவராகவும் மாறாமல், இந்த வீட்டிலேயே சிரித்துக்கொண்டு இருப்பாள். அது போதும்.

மண்வெட்டி மறுபடி இறங்கியது. ஒரு வேர் 'சடக்' என்று அறுந்தது.

ராத்திரி முழுக்க அவளைப் படுக்கவிடாத எண்ணம் ஒன்று உண்டு. அதை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் தன் பொய்யையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

குழந்தையை ஆஸ்பத்திரிக்காரர்களே அடக்கம் செய்துவிட்டார்கள் என்றுதான் ஷிராணியிடம் சொல்லியிருந்தாள். அது உண்மையில்லை. பெட்டியை ஆஸ்பத்திரி வாசலில் வாங்கியது பியட்றிஸ். ஃபாதரிடம் கேட்டிருந்தால் கோயில் சேமக்காலையில் புதைக்க இடம் கொடுத்திருப்பார். ஆனால் சேமக்காலை இந்த வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. மகள் இரவும் பகலும் அந்த மண்ணிலேயே கிடப்பாள் என்று பயந்தாள். அதனால் முத்துலிங்கத்தின் கையில் கொடுத்தாள். ஹந்தானையில், லயத்துக்கு மேலே, தோட்டத்து ஆட்களைப் புதைக்கும் சரிவில் வைத்துவிடச் சொன்னாள். எந்த இடம் என்று தனக்கும் சொல்ல வேண்டாம் என்றாள்.

அங்கே கல்லறைக்குக் கல் வைக்க வசதியில்லாதவர்கள் அடையாளத்துக்கு ஒரு செடியை ஊன்றுவார்கள். அது அவளுக்குத் தெரியும். நவம்பர் மழையில் ஹந்தானையில் பல இடம் சரிந்தது. அதுவும் தெரியும். அந்தக் கிழமை முத்துலிங்கத்தைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த எடம்?" என்று மட்டும் கேட்டாள். "ஒண்ணும் ஆகல்ல, டீச்சரம்மா," என்றார் அவர். கேள்வி முடிய முன்னே பதில் வந்துவிட்டது.

பத்து நாளில் இந்தச் செடி வந்தது.

கேக்காமலே முறிச்சிட்டு வாங்க என்று பழக்கியவள் அவளே. மனிதர் எங்கே கைவைத்தார்? சரிந்து கிடந்த சரிவில் யாருடைய குழிக்கு மேல் நின்ற செடி இது? புதைத்த இடத்துச் செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்தால், அதோடு வேறென்ன வரும்? தான் வைத்த சிரிப்புத் தோட்டத்தின் நடுவில் பெயர் தெரியாத ஒரு சாவு வேர் பிடித்து நிற்கிறது. அது மகளோடு தினமும் மூன்று மணிக்குக் கதைக்கிறது.

மழை பெரிய துளிகளாக விழத் தொடங்கியது. குழி ஒரு அடி இறங்கியிருந்தது. மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தண்டைப் பிடித்து இழுத்தாள். முள் உள்ளங்கையில் ஏறியது. செடி ஆடியது. ஒரு காய் விழுந்து உருண்டது. மறுபடி அந்த வாசனை.

"அத விடுங்க, டீச்சரம்மா."

திரும்பினாள். முத்துலிங்கம். முழுக்க நனைந்து, மூச்சு வாங்க, கல்படியில் நின்றார்.

"இன்னிக்கு வியாழக்கிழமை. உங்க நாள் இல்லையே?"

"ஷிராணி பாப்பா போன் பண்ணிச்சி. அம்மா என்னைய அவசரமா வெளியே அனுப்புறாங்க, போய்ப் பாருங்க முத்தண்ணேன்னு."

ஷிராணிக்குத் தெரியுமா?

"வந்தீங்கதானே, ஒரு கை புடிங்க. இத புடுங்கணும்."

அவர் இறங்கி வந்தார். கிட்டே வந்ததும் செருப்பைக் கழற்றி ஒரு ஓரமாக வைத்தார். இத்தனை வருடத்தில் இந்தத் தோட்டத்தில் அவர் செருப்பைக் கழற்றி அவள் பார்த்ததில்லை. குழியைச் சுற்றிக்கொண்டு, இறங்கிய மண்ணில் கால் படாமல் அந்தப் பக்கம் போனார். குனிந்து மண்வெட்டியை எடுத்தார். எடுத்து, தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"முத்துலிங்கம், இத எங்க இருந்து எடுத்தீங்க?"

"எடுக்கல்ல. வாங்கினது. குண்டசாலையில ஒரு நர்சரியில."

"வாங்கினீங்களா? இந்தத் தோட்டத்துல வாங்கின செடி ஒண்ணு இருக்கா?"

"இது ஒண்ணுதான். இத களவெடுக்க மனசு வரல்ல."

"ஏன்?"

அவர் ஹந்தானைப் பக்கம் பார்த்தார். மழையில் மலை தெரியவில்லை.

"உண்மையச் சொல்லுங்க. இது யாரோட குழியில நின்ன செடி?"

"எந்தக் குழியில இருந்தும் கொண்டு வரல்ல. முருகன் மேல சத்தியம்."

"எனக்கு அவரோட பழக்கமில்ல. மாதா மேல பண்ணுங்க."

"மாதா மேலயும் சத்தியம், டீச்சரம்மா. பாப்பாதான் போன்ல படம் காட்டி, இதுதான் வேணும்னு சொல்லிச்சி. சிரிச்சிக்கிட்டே சொல்லிச்சி. எனக்குத்தான் சிரிப்பு வரல்ல."

மனிதர் பொய் சொல்லவில்லை. கண் அதைச் சொன்னது. அப்படியானால் செருப்பை ஏன் கழற்றினார்? மண்ணை ஏன் மிதிக்கவில்லை?

"மம்பட்டிய தாங்க."

"மாட்டேன்."

"முத்துலிங்கம், நான் என் புள்ளையக் காப்பாத்தத்தான் இத செய்றேன்."

"தெரியும்," என்றார் அவர். "தெரிஞ்சிதான் மாட்டேங்கிறேன்."

அவள் மண்டியிட்டாள். மண்வெட்டி இல்லாவிட்டால் என்ன? கையாலேயே மண்ணை அள்ளத் தொடங்கினாள். மழையில் ஊறிய மண் இலகுவாக வந்தது. முத்துலிங்கம் அவள் தோளைத் தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார்.

"வேணாம், டீச்சரம்மா. அதுக்குக் கீழ வேணாம்."

மேலே தெருவில் த்ரீவீல் ஒன்று திணறித் திணறி ஏறி வந்து நின்றது.

மணி மூன்று.

முதலில் றம்லத்தின் குரல்தான் வந்தது. "டீச்சர், கிளினிக்குக்கே போகல்ல. கண்டி வாவிக்கிட்ட வச்சி திருப்பச் செல்லிட்டா. நான் என்னத்தச் செய்ய?"

ஷிராணி படிகளில் இறங்கி வந்தாள். அவசரப்படவில்லை. கிராம சேவகரைக் கடந்தாள், ஆந்தூரியத்தைக் கடந்தாள். மழை முகத்தில் வழிந்தது. பியட்றிஸ் அவள் கண்ணைத்தான் பார்த்தாள். அந்த ஐந்து மாதத்துச் சுவர் திரும்பி வந்துவிட்டதா என்று தேடினாள். இல்லை. கண் தெளிவாக இருந்தது.

"ஷிராணி, இங்க பாரு, முள்ளம்பன்றி வந்து…"

"அம்மா."

பொய் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. பியட்றிஸின் இரண்டு கையும் முழங்கை வரை சேறு.

ஷிராணி குழியின் அடுத்த பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளே கையை விட்டு, விரல்களை விரித்து, அடிமண்ணை அழுத்திப் பார்த்தாள். டொக்டர் வயிற்றில் கை வைத்துப் பார்ப்பாரே, அப்படி.

"எவ்வளவு தோண்டினீங்க?"

"ஒரு… ஒரு அடிக்குக் கொஞ்சம் கூட இருக்கும்."

ஷிராணி மூச்சை விட்டாள். "அப்ப இன்னும் ஒரு அடி இருக்கு."

"எதுக்கு?"

"ஜஹானாக்கிட்ட இருந்த கொலோன் போத்தல புள்ள திருப்பிக் கேட்டா, குடுத்துட்டம், டீச்சர்," என்ற றம்லத் தலைச்சேலையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். முத்துலிங்கம் கீழே பார்த்தார். இங்கே தன்னைத் தவிர எல்லோருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது என்று பியட்றிஸுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஆஸ்பத்திரியிலயே எல்லாம் பாத்துட்டாங்கன்னு நீங்க சொன்னீங்க," என்றாள் ஷிராணி. "நான் நம்பல்ல. நீங்க பொய் சொன்னா குரல் டீச்சர் குரலாகிரும். ஆனா திருப்பிக் கேக்க எனக்குத் தெம்பில்ல."

"ஷிராணி, நான் உனக்காகத்தான்…"

"தெரியும். நவம்பர்ல ஹந்தானையில மண் சரிஞ்ச மறுநாள் நீங்க கோயில்ல, வீடு போனவங்களுக்கு உடுப்புப் பிரிச்சிக்கிட்டு இருந்தீங்க. முத்தண்ணன் உங்களத் தேடி வந்தாரு. நான்தான் இருந்தேன். அந்தப் படியில உக்காந்து அழுதாரு. என்ன ஏதுன்னு கேட்டு, கேட்டு, கடைசியில சொல்லிட்டாரு. அப்பவே ரெண்டு பேரும் த்ரீவீல் புடிச்சி ஹந்தானைக்குப் போனோம். பாதி வழியில ரோட் இல்ல. நடந்து ஏறினோம்."

பியட்றிஸ் முத்துலிங்கத்தைப் பார்த்தாள். "ஒண்ணும் ஆகல்லன்னு சொன்னீங்களே."

"ஒண்ணும் ஆகல்லதான், டீச்சரம்மா. ஆகுறதுக்குள்ள எடுத்துட்டோம்."

மழை இரைந்தது. சுரைப்பந்தலிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"ஏன் என்கிட்ட சொல்லல்ல?"

"நீங்க பாப்பாகிட்ட சொல்லல்லதானே," என்றார் அவர், மெதுவாக.

ஷிராணி குவிந்து கிடந்த மண்ணை இரண்டு கையாலும் அள்ளி, கட்டிகளை விரலால் உடைத்து, குழிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இட்டாள். ஒரு பிடி. இன்னொரு பிடி. செடியின் ஆடிப்போன தண்டை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். முள் குத்தியதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"என்னத்த எடுத்தீங்க?" என்று கேட்டாள் பியட்றிஸ். விடை உடம்பு முழுக்கத் தெரிந்திருந்தது. வாய்தான் கேட்டது.

"உங்க பேரன," என்றாள் ஷிராணி. "இதுக்குக் கீழதான் இருக்கான், அம்மா. நீங்க கோயில்ல இருந்து வர முந்தியே கொண்டு வந்து வச்சிட்டோம். புதைச்ச எடத்துல ஒரு செடி வைக்கணும், என்ன செடி வேணும்னு முத்தண்ணன் கேட்டாரு. என்னால அவனுக்குப் பால் குடுக்க முடியல்லதானே. அதான் இத கேட்டேன்."